ஞாயிறு வராத கறிமீன்

கரைவலை இழுக்கிறவர்களுக்கு வேலை முடிந்ததும் வீட்டுக் கறிக்கென்று கொஞ்சம் மீன் கொடுப்பது எங்கள் பக்க வழக்கம். அது வீட்டுக்குரியது, யாரும் விற்கமாட்டார்கள். என் மனுசன் விற்றார். ஹெரோயின் தூள் பிடித்த காலத்தில், மாம்புரிச் சந்தியிலேயே, தெரிந்தவர்கள் கண்முன்னால் விற்றார். அலுமாரியிலிருந்து போன என் நகைகளைக்கூட மன்னித்துவிட்டேன். கறிமீனை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

சிகிச்சை முடிந்தபின் அவரை ஆலங்குடாவில் ஒரு வீட்டில் வைத்தார்கள். அவரைப் போல மீண்டு வருகிறவர்கள் சேர்ந்து சமைத்து, வேலைக்குப் போய்வந்து, பின்னேரங்களில் ஆலோசனைக்கு உட்காரும் வீடு. "ஏன் மிஸ், எங்களுக்கு வீடு இல்லையா? நான் பாத்துக்க மாட்டனா?" என்று அங்கிருந்த ஆலோசகரிடம் பாய்ந்தேன்.

"பாப்பீங்க. ஆனா அவர் தன்னைத் தானே பாத்துப் பழகட்டும்," என்றார். எரிச்சலாக வந்தது. படுக்கையில் அவர் பக்கம் வெறுமையாய்க் கிடந்ததை இந்த மிஸ்ஸுக்கு யார் சொல்வது?

பிறகு அவருக்கு அங்கேயே ஒரு கரைவலையில் வேலை கிடைத்தது. முதல் திங்கட்கிழமையே மீன்காரர் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி ஒரு சொப்பிங் பேக்கை நீட்டினார். "ஒங்கட மனுசன் தந்துவிட்ட கறிமீன்." கீரிமீன். மகள் துள்ளினாள். நான் மீன் கழுவுகிற சாட்டில் அழுது தீர்த்தேன். அதன்பின் தினமும் வந்தது. வெள்ளி வரவில்லை, ஜும்ஆ நாளில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால் நான் கவலைப்படவில்லை. சனி வந்தது.

ஞாயிறு வரவில்லை.

"வாப்பாட மீன் எங்க உம்மா?" என்று மகள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். விற்றுவிட்டார் என்று நினைத்தேன். வேறெதுவும் தோன்றவில்லை. அவளைப் பக்கத்து வீட்டு மச்சியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க அவரைத் திட்டினேன். யா அல்லாஹ், அப்படி இருந்துவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டே போனேன்.

அவர் அந்த வீட்டுக் குசினியில் திருவலையில் குந்தித் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. என்னைக் கண்டு சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மீன் வரல்லயே," என்றேன்.

"இது வேதக்காரர்ட வலை. வெள்ளி நான் ஜும்ஆவுக்குப் போனன். ஞாயிறு அவங்க மாதா கோயிலுக்குப் போவாங்க, கடலுக்குப் போகமாட்டாங்க."

அட, என் புத்தியே! பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் இருக்கிறேன், இது தெரியாதா எனக்கு? சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. "வாங்க வீட்டுக்கு. இப்பவே வாங்க. நீங்க இல்லாம எனக்கு ஏலா."

அவர் தேங்காயைக் கீழே வைக்கவில்லை. "எனக்கும்தான் ஏலா. ஒனக்கு என்னப் பத்தின பயம் போகட்டும், வாறன்."

"எனக்கென்ன பயம்?"

"அப்ப ஏன் பஸ் ஏறி ஓடி வந்த?"

கோபமாய்க் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மிச்சத் தேங்காயை வாங்கி நான் திருவிக் கொடுத்தேன். பின்னேர பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன்.