மணல் மூட்டை உட்கார்ந்த நாற்காலி

எங்கள் பட்டறையில் சக்கர நாற்காலியைப் பழுதுபார்த்தால், ஒருவர் அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புவோம். உட்காருபவள் நான். சரியாக இருந்தால் சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போடுவேன். வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். “உட்கார்றதுக்கா காலேஜ் போன?” என்று சித்தப்பா இன்னும் கேட்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

பழுதுபார்ப்பவரை ஸ்பானர் அக்கா என்போம். கடல் தாண்டிய ஊரில் பேருந்துப் பணிமனை மெக்கானிக். சம்பளமில்லாத விடுப்பு எடுத்து, கணவரையும் மகளையும் விட்டுவிட்டு, தன்னார்வலராக இரண்டு வருடம் இங்கே இருந்தார். வந்த வாரமே, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்பது நாற்காலிகளைப் பிரித்து, ஓடக்கூடிய ஆறாக்கினார். அவருக்குப் பாட்டு வராது. பாடாமல் வேலையும் ஓடாது.

அவர் ஊர் திரும்பும் நாள். நான்கு மணிக்குக் கார். கடைசி நாற்காலி பக்கத்துத் தெருத் தையல்காரருக்கு. அதைத் தன் கையால் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று காலையிலிருந்து பரபரத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் இடது தொடை மரத்துப்போனது.

“அக்கா, துணி தொய்யுது.”

“நான் போறேன்னு உனக்கு மூஞ்சி தொய்யுது, மேடம். துணி நல்லாத்தான் இருக்கு.”

“ராத்திரி மூட்டை வெச்சீங்களா?”

பாட்டு நின்றது. புது இருக்கைத் துணி மாட்டினால், அதன்மேல் இரவு முழுக்க மணல் மூட்டையை வைத்து, தொய்வு வந்தபின் மறுபடி இறுக்க வேண்டும். அக்காவே கொண்டுவந்த வழக்கம் அது. ஆனால் துணி அன்று காலையில்தான் வந்திருந்தது.

மேலாளர் செல்போனோடு வந்தார். “கையெழுத்துப் போடும்மா. நாளைக்கு இறுக்கிக்கலாம். இப்ப ஒரு போட்டோ எடுத்துடுவோம்.”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா, கொடுத்துடு” என்றார் வாசலில் காத்திருந்த தையல்காரர்.

அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. எனக்கு மரத்தது, அவருக்கு மரப்பதே தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும்.

நான் யார், அக்கா செய்ததைத் தப்பு என்று சொல்ல? அதுவும் இன்றைக்கு? பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன்.

“போட மாட்டேன்.”

“ரெண்டு வருஷத்துல நான் செஞ்ச எதையாவது திருப்பி அனுப்பியிருக்கியா?” அக்காவின் குரல் இறுகியிருந்தது.

“இல்லக்கா. இதைத்தான் அனுப்புறேன்.”

அவர் என்னை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்தார். இடமும் வலமுமாக அசைந்து பார்த்தார். வெகுநேரம் எழவில்லை. பிறகு மூலைக்குப் போய் மணல் மூட்டையைத் தூக்கிவந்து இருக்கையில் வைத்தார்.

“நாளைக்கு வாங்கண்ணே” என்றார் தையல்காரரிடம். “இவ இறுக்கித் தருவா.”

“பட்டன் தைக்கிறதுக்கே நான் நாலு நாள் இழுப்பேன். ஒரு நாள் என்ன பெரிசு?” என்றார் அவர்.

மேலாளர் எடுத்த படத்தில் அக்கா நிற்கிறார். நாற்காலியில் மூட்டை இருக்கிறது. கார் வந்ததும் தன் ஸ்பானரை என் மேசையில் வைத்தார்.

“முதல்ல இடது பக்கம் இறுக்கு. அப்புறம் முழுசா ஒரு மணி நேரம் உட்காரு.”

“உட்கார்றேன்க்கா.”

மறுநாள் காலை மூட்டையை இறக்கிவிட்டு, முதலில் இடது பக்கத்தையும் பிறகு வலது பக்கத்தையும் இறுக்கினேன். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். தையல்காரர் எதிரே தன் பழைய நாற்காலியில் காத்திருந்தார். பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்.