சொன்ன தேதிக்கு வந்த பெட்டிகள்

குணசுந்தரிக்கு ஆரம்பாக்கத்தில் இரண்டு ஏக்கர் நெல் நிலம் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை இருந்தது. நிலத்தைக் கணவன் கணேசன் பார்த்துக்கொண்டான். கம்பெனியை முதலாளி வரதன் பார்த்துக்கொள்வதாக எல்லோரும் சொன்னார்கள். குணசுந்தரி அதை மறுத்துப் பேசியதில்லை.

அவள் முதலில் சேர்ந்தது பேக்கிங் பிரிவில். பிஸ்கட்டைப் பெட்டியில் அடுக்கி மூடுகிற முப்பத்திரண்டு பெண்களில் ஒருத்தி. பிளஸ் டூ படித்திருந்ததாலும், கணக்குப் பிசகாமல் பெட்டி எண்ணியதாலும், ஏழு வருடத்துக்குப் பிறகு கொள்முதல் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அப்புறம் அவள்.

பேக்கிங்கில் இருந்தபோது ஒரு தீபாவளி சமயத்தில் அச்சடித்த பெட்டி வந்து சேரவில்லை. பிஸ்கட் டின் டின்னாகக் குவிந்து நமத்துப்போனது. "பெட்டி வந்ததும் சொல்லி அனுப்புறோம்" என்று பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு நாள். ஆறு நாளும் கூலி கிடையாது. மேசைக்கு வந்த புதிதில் பழைய ஃபைல்களைப் புரட்டியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அந்த வருடம் பெட்டிக்கு எழுபது பைசா குறைவாகக் கேட்டவரிடம் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். ஃபைலின் மேல் அன்றைய மேனேஜர் சிவப்பு மையில் 'நல்ல சேமிப்பு' என்று எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து யார் எந்தத் தேதிக்குத் தருவதாகச் சொன்னார்கள், எந்தத் தேதியில் தந்தார்கள் என்று அவள் குறித்துவைக்க ஆரம்பித்தாள். யாரும் கேட்காத கணக்கு அது.

2025 ஆகஸ்டில், தீபாவளிக்கான கேழ்வரகு பிஸ்கட் பெட்டி ஒரு லட்சம் தேவைப்பட்டது. இரண்டு அச்சகங்கள் விலை கொடுத்திருந்தன. திருவள்ளூரில் அன்புராஜ் நடத்துவது ஒன்று. தடாவுக்குப் பக்கத்தில் பாக்கியராஜ் நடத்துவது மற்றொன்று. வரதன் இரண்டு தாளையும் மேசையில் வைத்தார்.

"அன்புராஜ் நாலு ரூபா பத்து பைசா. பாக்கியராஜ் மூணு முப்பத்தஞ்சு. இதுல யோசிக்க இன்னா இருக்குது குணா?"

"சார், பாக்கியராஜ் நமக்கு நாலு வாட்டி போட்டுக் குடுத்திருக்காரு. ஒம்பது நாள் லேட்டு, பதினாலு நாள் லேட்டு, ஆறு நாள், இருபத்திரெண்டு நாள்."

"ஆறு நாளும் இருக்குது பாத்தியா? ஆளு திருந்திக்கினு வராரு."

"அதுக்கு அப்புறந்தான் சார் இருபத்திரெண்டு."

வரதன் கால்குலேட்டரைத் தள்ளிவைத்தார். "லேட்டானா எவ்ளோ நஷ்டம்னு இந்தத் தாள்ல எங்கனா போட்டிருக்குதா? போடாத நம்பர நான் எப்டிம்மா கூட்டுறது?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அது முப்பத்திரண்டு பெண்களின் ஆறு நாள் கூலி; அது கம்பெனியின் நஷ்டக் கணக்கில் வராது. கடைசியில் ஆளுக்கு ஐம்பதாயிரம் என்று முடிவானது. வரதன் அதைத் தன் யோசனையாகச் சொன்னார். அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

அன்புராஜ் ஆகஸ்ட் இருபத்தொன்பது என்று சொல்லியிருந்தார். இருபத்தொன்பதாம் தேதி காலை ஒன்பதரைக்கு அவருடைய வண்டி கேட்டில் நின்றது. ஐம்பதாயிரம் பெட்டி, எண்ணிக்கை சரி, நிறம் சரி, ஓரத்தில் 'ரூ.45' என்ற விலையும் சரி. குடோனில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பாக்கியராஜ் சொன்ன தேதி ஆகஸ்ட் இருபத்தேழு. அன்று விநாயகர் சதுர்த்தி என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம். அப்புறம் அட்டை வரவில்லை. அப்புறம் மெஷினில் ஒரு பெல்ட் அறுந்தது. குணசுந்தரி தினமும் போன் செய்தாள்.

"வந்துகினே இருக்குது மேடம். வண்டி ஏத்திகினு இருக்கோம்."

செப்டம்பர் இரண்டாம் தேதி அவள் பஸ் ஏறி நேரிலேயே போய்விட்டாள். மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கோ ஊதுபத்திப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுது எங்க சார்?"

"உங்களுதா? கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்குது மேடம்" என்றார் பாக்கியராஜ், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "பிளேட்டு மட்டுந்தான் போடணும். அப்பால அடிக்கணும், வெட்டணும், ஒட்டணும். அவ்ளோதான். டீ சாப்டுறீங்களா?"

அதாவது, ஒன்றுமே ஆரம்பிக்கவில்லை. அவள் திரும்பி வரும்போது, மறுநாள் வரதனிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை பஸ்ஸிலேயே கோத்து வைத்துக்கொண்டாள். மறுநாள் வரதன் ஊரில் இல்லை. அன்று இரவு, பிஸ்கட்டுக்கு வரி குறைகிறது என்று டிவியில் செய்தி வந்தது. இருபத்திரண்டாம் தேதியிலிருந்து நாற்பத்தைந்து ரூபாய் பெட்டியை நாற்பது ரூபாய்க்கு விற்க வேண்டும்.

அடுத்த நாள் வரதன் நேராகக் குடோனுக்குப் போனார். அன்புராஜின் ஐம்பதாயிரம் பெட்டியும் 'ரூ.45' என்று அவரைப் பார்த்தது.

"இன்னா அவசரம் இந்த ஆளுக்கு?" என்றார். பிறகு, "பாக்கியராஜோடது எந்த நெலமைல இருக்குது?"

"இன்னும் பிளேட்டே போடல சார்."

வரதனின் முகம் மலர்ந்தது. "பாத்தியா! அந்தாளுக்கு எதுவோ தெரிஞ்சிருக்குது. அவசரப்படாத மனுசன். கம்ப்யூட்டர்ல நம்பர மாத்தச் சொல்லு, பைசா செலவில்ல."

பஸ்ஸில் கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அங்கே பயன்படவில்லை.

அன்புராஜின் பெட்டிகளுக்குப் புதிய விலையை ஸ்டிக்கராக ஒட்ட வேண்டியதாயிற்று. ஐம்பதாயிரம் ஸ்டிக்கரை இரண்டு நாளில் அடித்துத் தர யார் இருக்கிறார்கள் என்று தேடியபோது ஒரே ஒருவர்தான் தருவதாகச் சொன்னார். அன்புராஜ். இரண்டாம் நாள் காலை ஒன்பதரைக்கு ஸ்டிக்கர் வந்தது. பேக்கிங் பெண்கள் எட்டு நாள் ஒட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குணசுந்தரியும் உட்கார்ந்து ஒட்டினாள்.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் ஒரு சின்ன விழா. இந்த வருடத்தின் சிறந்த சப்ளையர் என்று பாக்கியராஜுக்குச் சால்வையும், கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் தருவதாக வரதன் அறிவித்தார். விழா பதினோரு மணிக்கு. பாக்கியராஜ் ஒன்றரைக்கு வந்தார். அதுவரை யாருக்கும் பொரி கொடுக்கவில்லை.

அன்புராஜ் அன்று சாயந்திரம் போன் செய்தார். "மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டீங்களே. நானும் இனிமே கொஞ்சம் லேட்டா குடுக்கட்டா?"

"உங்களுக்கு அது வராது சார். அதுக்கெல்லாம் ரொம்ப நாள் பழக்கம் வேணும்" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

அக்டோபர் பதிமூன்றாம் தேதி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் தீர்ந்தன. பாக்கியராஜின் பெட்டி வரவில்லை. அன்புராஜிடம் அவசரமாகப் பத்தாயிரம் வாங்கிக்கொள்ளலாம் என்று குணசுந்தரி கேட்டுப் பார்த்தாள்.

"வேணாம்மா. பாக்கியராஜோடது நாளைக்கு வருது" என்றார் வரதன்.

பேக்கிங் பெண்களிடம் வேலை இல்லை என்று சொல்ல அவளைத்தான் அனுப்பினார்கள். ஒரு காலத்தில் தன்னிடம் சொன்ன அதே இடத்தில், பஞ்சிங் மெஷின் பக்கத்தில் நின்று சொன்னாள். அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்த முத்தம்மா மட்டும் நின்று கேட்டாள்.

"எத்தினி நாளு?"

"நாளைக்கு வந்துடும்னு சொல்றாங்க அக்கா."

"நீ இன்னா சொல்ற?"

முத்தம்மா குணசுந்தரியின் தோளைத் தட்டிவிட்டுச் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

பெட்டி பதினேழாம் தேதி வந்தது. சொன்ன தேதியிலிருந்து ஐம்பத்தொரு நாள். அதற்குள் தீபாவளிக்கான கடைசி லாரியும் கிளம்பிப் போயிருந்தது. கடைக்காரர்கள் சரக்குக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனதை வரதன் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். "நம்ம பிஸ்கட்டுக்கு அவ்ளோ கிராக்கி. ஒரு பாக்கெட்டு மிச்சமில்ல."

பொங்கலுக்கு ஒரு லட்சம் பெட்டி. இந்த முறை முழுவதும் பாக்கியராஜுக்கே என்றார் வரதன். ராசியான கையாம். அன்புராஜுக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் சமாசாரத்தைக் கேள்விப்பட்டு பக்கத்து மருந்துக் கம்பெனிக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

குணசுந்தரி இனி வாதாடிப் பயனில்லை என்று புரிந்துகொண்டாள். பெட்டி உண்மையில் தேவைப்படுவது டிசம்பர் இருபத்தாறு. பாக்கியராஜிடம் டிசம்பர் ஐந்து என்று சொன்னாள். மூன்று வாரம் தாமதித்தாலும் முத்தம்மாவுக்கு வேலை நிற்காது. தன் வாழ்க்கையில் வேலை விஷயமாக அவள் சொன்ன முதல் பொய் அது. சொன்ன அன்று அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

டிசம்பர் ஐந்து காலை அவள் கம்பெனிக்கு வந்தபோது கேட்டில் இரண்டு லாரி நின்றன. சால்வை போர்த்தாத குறையாகப் பாக்கியராஜ் முன்னால் நின்றார்.

"மேடம், இன்னிக்கு தேதி இன்னா?"

"அஞ்சு."

"நீங்க சொன்னது?"

"அஞ்சு."

"நீங்க குடுத்த சர்டிபிகேட்ட செவுத்துல மாட்டிகினேன் மேடம். தெனம் காலைல அது என்னையே பாக்குது. அதுக்கு அப்பால எப்டி லேட்டா குடுக்கறது?"

குடோனில் மைதா மூட்டைகள் கூரை வரை இருந்தன. பெட்டி வைக்க இடமில்லை. வரதன் படியிறங்கி வந்தார். லாரிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இருபத்தாறாந்தேதிக்கு வேண்டியத இன்னிக்கே எறக்கிகினா எங்க கொண்டுபோய் வைக்கறது? தேதி சொல்றதுல கூடவா கவனம் இருக்கக் கூடாது குணா?"

பெட்டிக் கட்டுகளை நடைபாதையில் அடுக்கினார்கள். அது நிறைந்ததும் ஆபீஸ் அறையில் அடுக்கினார்கள். கொள்முதல் மேசையைத் தூக்கி வெளியே வேப்பமரத்தடியில் போட்டார்கள். ஒயர் எட்டாததால் கம்ப்யூட்டர் உள்ளேயே இருந்துவிட்டது. மூன்று வாரம் அவள் மரத்தடியில் உட்கார்ந்து கையால் எழுதினாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பேக்கிங் பெண்கள், "இன்னா மேடம், காத்து நல்லா வருதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முப்பத்திரண்டு பேரும் ஒரு நாள் விடாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.