ஆனி மாதத்தில் தீவுக்குப் போனவள்

அந்தமான் போய்விட்டு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்றுவரை எங்கள் ஊரில் ஒருவர்கூட என்னிடம் கடலைப் பற்றிக் கேட்கவில்லை. மீனைப் பார்த்தாயா, பவளப்பாறையைப் பார்த்தாயா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. எல்லோருக்கும் தெரியவேண்டியது, "அங்க மழை எப்படி?" என்பதுதான். அதைக் கேட்டாலே எனக்குக் காது மடல் சூடாகிறது. அந்த மழையால்தான் போன காரியமே கெட்டது என்று எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது?

அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. கடலுக்குள் ஒரே ஒரு தடவை முகத்தை முக்கிப் பார்க்கவேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் வருடத்தில் முக்கால்வாசி நாள் கருவேலம்தான் நிற்கும். கிணற்றில் தண்ணீர் கிடந்த காலத்திலும் பையன்கள் குதிப்பார்கள், நாங்கள் மேலே நின்று அவர்கள் சட்டைக்குக் காவல் இருப்போம். அப்பாவுக்கு மிளகாய் வத்தல், மல்லிக் கடை. லீவு நாளில் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே, போனில் கடலடி வீடியோக்களைப் பார்ப்பேன். நீலத் தண்ணீருக்குள் மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பும். தும்மல் வந்தால் நிறுத்திவிட்டு, தும்மி முடித்து மறுபடி ஓட்டுவேன். இதை நேரில் பார்க்காமல் விடுவதில்லை என்று கல்லூரி முடிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

மதுரையில் வேலைக்குச் சேர்ந்து, கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினேன். வீட்டில் சம்மதம் வாங்கத் தலையால் தண்ணீர் குடித்தேன்.

"அங்க நமக்குத் தெரிஞ்சவுக யாரு இருக்காக?" என்றார் அப்பா. வியாபாரக் குடும்பம். தெரிந்தவர் இல்லாத ஊருக்குச் சரக்குகூட அனுப்ப மாட்டார்.

"யாரும் இல்லப்பா. அதுக்குத்தான் போறேன்."

ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னமும் செய்யி" என்றார். அதுதான் சம்மதம்.

நான் தேர்ந்தெடுத்த மாதம் ஆனி. விமான டிக்கெட் சல்லிசாகக் கிடைத்தது. ஏன் சல்லிசு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எங்கள் கணக்கில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆனியில் அடிப்பது காற்று. வாயைத் திறந்தால் மண் போகும். உலகம் பூராவும் ஆனி மாதம் இப்படித்தான் இருக்கும் என்று என் மூளையின் ஏதோ ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு மட்டுமா? அப்பா காலண்டரைப் பார்த்து, "ஆனிதானே, மழைத் தொந்தரவு இருக்காது" என்றார். பட்டப்படிப்பு படித்த நானும் தலையை ஆட்டினேன்.

அம்மா என் முதுகுப்பையில் எல்லாவற்றையும் துணிப்பைகளில் போட்டு அடுக்கினாள். கருப்பட்டிச் சேவு பலகாரத்தைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டினாள். ஒரு பிளாஸ்டிக் தாள்கூட உள்ளே போகவில்லை. எங்கள் ஊரில் எதையும் ஈரத்திலிருந்து காப்பாற்ற வேண்டிய தேவை வந்ததே இல்லை. மழைக்கோட்டு என்ற பொருள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. குடை உண்டு. அது வெயிலுக்கு.

விமானம், அப்புறம் கப்பல், அப்புறம் ஒரு ஆட்டோ. கடைசியில் பவளப்பாறைக்குப் பெயர்போன அந்தச் சின்னத் தீவில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. முகத்தை நிமிர்த்தி நனைந்தேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மறுநாள் காலையிலும் நிற்கவில்லை. அதற்கும் மறுநாள் சாலை தெரியவில்லை. தங்கியிருந்த இடத்தில் தகரக் கூரை. அதன் மேல் மழை விழுந்த விழுகையில் பக்கத்தில் பேசுவது காதில் ஏறாது. சேவு நமுத்துப் போனது. துணிப்பைகளில் பச்சையாகப் பூசணம் பூத்தது. ஜீன்ஸைப் பிழிந்து காயப்போட்டால் மறுநாள் எடுக்கும்போது இன்னும் கனமாக இருந்தது.

தினமும் காலையில் படகுத்துறைக்குப் போவேன். அங்கே சிவப்புக் கொடி பறக்கும். பாறைக்குக் கூட்டிப்போகும் படகுக்காரர் கொட்டகைக்குள் பீடி குடித்துக்கொண்டிருப்பார். அவருடைய தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுவார். "இன்னைக்கும் போக முடியாதும்மா."

"நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்குத்தான் தெரியும்."

அந்த மனிதர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கடலை அவரே கலக்கி விட்டதுபோல் முறைத்துவிட்டுத் திரும்பி நடப்பேன்.

என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட பெண் கோயம்புத்தூர்க்காரி. அவளும் என்னைப் போல முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாக வந்தவள். அவள் கொடுத்துவைத்தவள், வாய்விட்டுத் திட்டுவாள். காலையில் கண் விழித்ததும், "ஏனுங்க, இந்தச் சனியன் இன்னும் நிக்கலீங்களா?" என்று ஆரம்பித்தால் தூங்கும்வரை விதவிதமாகத் திட்டுவாள். வைதுவிட்டுச் சிரிப்பாள். மனசு லேசாகிவிடும் போலிருக்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "நீங்களும் ரெண்டு திட்டு திட்டுங்க, நின்னாலும் நிக்கும்" என்பாள். எனக்கு வாய் வராது.

எங்கள் ஊரில் மழையை யாரும் வைய மாட்டார்கள். சட்டம் எதுவும் இல்லை, ஆனால் வைது நான் கேட்டதில்லை. சித்தப்பா கல்யாணத்தில் பந்தல் சரிந்து சாம்பாருக்குள் தண்ணீர் கொட்டியபோது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நாங்கள் அத்தனை பேரும் நனைந்த பட்டோடு நின்று "பெய்யட்டும், பெய்யட்டும்" என்றோம். ஒரு மாசிமாதம், களத்தில் காயப்போட்டிருந்த வத்தல் மேல் சொல்லாமல் கொள்ளாமல் பெய்தது. அப்பா தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார். எட்டவில்லை, வத்தல் வெளுத்துக் கறுத்துக் குப்பையாகப் போனது. ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து, "வந்ததே பெருசு" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டுப் பிள்ளை நான். தொண்டை வரை வரும் வசவை முழுங்கி முழுங்கி எனக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது.

ஊரிலோ போன ஐப்பசி பொய்த்திருந்தது. குழாயில் தண்ணீர் எப்போதாவது வரும். வண்டியில் வருவதைத்தான் அம்மா குடம் குடமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தினமும் போன் செய்வாள். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள்.

"இன்னமும் பெய்யுதா?"

"பெய்யுது."

"போனைச் சன்னல்கிட்ட வையி."

வைப்பேன். அந்தப் பக்கம் பேச்சே இருக்காது. என் லீவு ஒவ்வொரு நாளாகக் கரைந்துகொண்டிருக்கிறது, நான் சன்னலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அங்கே அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஒரு மத்தியானம் அப்பா கூப்பிட்டார். அன்றைக்குக் காலையில் சிவப்புக் கொடியை இறக்கி, படகுக்காரர் இஞ்சினைத் துடைத்து, நான் மிதவைச் சட்டையைக்கூட மாட்டியபிறகு மறுபடி இருட்டிக்கொண்டு வந்து, மறுபடி கொடியை ஏற்றியிருந்தார்கள். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தொப்பலாக நனைந்து அப்போதுதான் அறைக்கு வந்திருந்தேன்.

"பாப்பா, கடையில ஸ்பீக்கர்ல போட்ருக்கேன். நம்ம பரளச்சிக்காரரும் இருக்காரு. போனைச் சன்னல்ல வையி, அவுகளும் கேக்கட்டும்."

பரளச்சிக்காரர் என்றால் வருடா வருடம் எங்கள் கடைக்குத் தன் நிலத்தில் விளைந்த வத்தலைக் கொண்டுவரும் சம்சாரி. "வையி தாயி, சும்மா கொஞ்ச நேரம்" என்று அவர் குரலும் கேட்டது.

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. "என்னத்த வைக்க? நான் இங்க வந்து தலையில அடிச்சுக்கிட்டு இருக்கேன். நாசமாப் போற மழை நின்னு தொலைய மாட்டேங்குது! இது ஒழிஞ்சாத்தான் எனக்கு விடிவு!"

கடையில் தராசுத் தட்டு மோதும் ஓசைகூட நின்றுபோனது போலிருந்தது. பிறகு, கடைக்கு வந்திருந்த அம்மாவின் குரல், மெதுவாக: "கடையில ஆளுக இருக்காக. போனை வையி."

அதற்குப் பிறகு வீட்டிலிருந்து போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. திட்டினால் மனசு லேசாகும் என்றாளே அந்தக் கோயம்புத்தூர்க்காரி, எனக்கு ஒரு மண்ணும் லேசாகவில்லை.

ஊருக்குத் திரும்பும் கப்பலுக்கு முந்தின நாள், வெயில். நம்ப முடியாத வெயில். படகுத்துறைக்கு ஓடினேன். கொடி இல்லை. படகுக்காரர் மட்டும் தயங்கினார். "கடல் கலங்கிக் கெடக்கு. எறங்குனாலும் ஒண்ணும் தெரியாது. நாலு நாள் தெளியட்டும்."

"எனக்கு நாலு நாள் இல்லண்ணே."

என் முகத்தைப் பார்த்துவிட்டு இஞ்சினைத் தட்டினார். பாறைக்கு மேல் படகை நிறுத்தி, என்னை ஏணி வழியாக இறக்கி, கண்ணாடியை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, தானும் இறங்கி என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்த காரியம். மூச்சை இழுத்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

செம்மண் நிறம். முதல் வெள்ளம் வந்த கண்மாய் எப்படி இருக்குமோ அப்படி. என் கையை நீட்டினால் விரல் நுனி தெரியவில்லை. மறுபடி முக்கினேன். தள்ளிப் போய் முக்கினேன். இடப்பக்கம், வலப்பக்கம் எல்லாம் அதே கலங்கல். நாலு திசையிலும் பார்த்து முடிப்பதற்குள் பிடரியில் பொட்டுப் பொட்டென்று விழ ஆரம்பித்தது. "ஏறும்மா, போதும்" என்றார் அவர். கண்ணாடிக்குள் நான் அழுதது அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். தெரிந்தாலும் சொல்லவில்லை.

மதுரையில் இறங்கி, பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் கால் வைத்ததும் அந்த வறண்ட காற்று முகத்தில் அடித்தது. அம்மா பையைப் பிரித்தாள். பூசணம் பிடித்த துணிப்பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். உதறி ஓரமாக வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, போன் பண்ணவே இல்ல?"

அவள் நிமிரவில்லை. "நீ மழைய வஞ்சீல்ல, அன்னைக்கு இங்க மேகம் கூடி வந்துச்சு. நரிக்குடிப் பக்கம் கறுத்துக்கிட்டு வந்துச்சுன்னு எல்லாரும் வாசல்ல வந்து நின்னோம். நின்ன வாக்குல கலைஞ்சு போச்சு."

"அதுக்கு நான் என்னம்மா செய்வேன்? அங்க பெய்யிற மழைக்கும் இங்க வர்ற மேகத்துக்கும் என்ன சம்பந்தம்? நடுவுல ஒரு கடலே கெடக்கு!"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அம்மா. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கதவருகே நின்றிருந்த அப்பாதான் வாயைத் திறந்தார். "மறுபடி ஒருக்காப் போ பாப்பா. இந்தத் தடவ மழை இல்லாத மாசமாப் பாத்துப் போ. ஒனக்கும் நல்லது, அதுக்கும் நல்லது." அவர் கேலி செய்கிறாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. போகத்தான் போகிறேன், மாசியில்.

அந்தத் தீவிலிருந்து நான் கொண்டுவந்தது ஒரே ஒரு வீடியோ. பொழுது போகாமல் அறைச் சன்னலிலிருந்து எடுத்தது. தென்னை மரங்கள், சகதி, கொட்டும் மழை. அழிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் அப்பா பார்த்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பரளச்சிக்காரர் வந்தார். இந்த முறை மூட்டை எதுவும் கொண்டுவரவில்லை, கொண்டுவர அவரிடம் ஒன்றும் இல்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மழைப் படத்தக் கொஞ்சம் போடு தாயி."

நான் வைததைக் காதால் கேட்ட மனிதர். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எரிச்சலோடுதான் போனை எடுத்தேன். நான் மஞ்சள் மீன்களைப் பார்த்த அதே நாற்காலி, அதே மிளகாய் நெடி, அதே தும்மல். எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை. கிடைத்ததோ எனக்கு வேண்டாதது. அவர் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார், பார்த்ததைவிடக் காதோரம் வைத்துக் கேட்டதுதான் அதிகம். "நல்லா ஊண்டிப் பெய்யுது" என்றார். "இது ஒரு ஒழவு ஓட்டுற மழைக்கு மேலயே இருக்கும்" என்றார். ரெண்டாவது தடவை போடச் சொன்னார். போட்டேன்.

அந்த வீடியோவின் கடைசியில் கோயம்புத்தூர்க்காரியின் குரல் வரும். "எப்பங்க நிக்கும் இந்தச் சனியன்?" என்று கேட்பாள். அதற்குச் சற்று முன்னால் தென்னை ஓலை ஒன்று சன்னலை உரசும். ஓலை உரசியதும் என் விரல் தானாகப் போய் நிறுத்திவிடுகிறது. யாருக்குப் போட்டுக் காட்டினாலும் அப்படித்தான்.

"அம்புட்டுத்தானா தாயி?" என்றார் அவர், போனையே பார்த்துக்கொண்டு.

"அம்புட்டுத்தான் அய்யா" என்றேன்.