ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொன்னார்கள்

நானும் கணவரும் பிரிந்த செய்தி வில்லாபுரத்தில் எங்கள் தெரு முழுக்கப் பரவ ஒரு வாரம் ஆனது. அடுத்த வாரமே கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். ஆறு வருடமாக அண்ணே என்று நான் கூப்பிட்ட மனிதர். என் முகத்தைப் பார்க்காமல் கிரில் கேட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிருங்க. ஒத்தப் பொம்பளைக்கு வீட்ட விட்டிருக்கான்னு பேசுறாய்ங்க."

நான் அழுவேன் என்று நினைத்திருப்பார். முந்தைய நாள் வரை அழுதுகொண்டுதான் இருந்தேன். உள்ளே போய் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வந்தேன். முறைப்படி பதிவு செய்தது. காலி செய்யச் சொல்வதென்றால் இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் தர வேண்டும் என்ற வரியை வாசித்துக் காட்டினேன். அதெல்லாம் சும்மா பேப்பருக்கு எழுதுவது என்றார்.

"பேப்பர்ல இருக்கறதுதாண்ணே நம்ம பேச்சு. எழுதிக் குடுங்க, போறேன்."

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. என் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டார். மூன்று நாள் தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்தேன். பின்பக்கம் படி இருந்தும், ஒவ்வொரு குடத்தையும் அவர் வாசல் வழியாகவே தூக்கிப் போனேன். நான்காம் நாள் பள்ளிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வாடகை வழக்குகளைப் பார்க்கும் அதிகாரியின் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தண்ணீரை நிறுத்தி யாரையும் வெளியேற்ற முடியாது, போகாதவரைப் போகவைக்க வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று அங்கிருந்த எழுத்தர் அம்மா விளக்கினார். நகலில் முத்திரை வாங்கி வந்து வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தேன். அன்று மாலை தண்ணீர் வந்தது.

பிறகு நோட்டீஸ் வந்தது. கோடு போட்ட தாளில் இரண்டே வரி. தேதி இல்லை, எதுவரை என்பதும் இல்லை. விடுபட்டதைச் சிவப்புப் பேனாவால் குறித்துத் திருப்பிக் கொடுத்தேன். திமிர்தான்; இன்றுவரை வருத்தமில்லை. அடுத்தது தட்டச்சு செய்து, தேதியோடு, இரண்டு மாத அவகாசத்தோடு வந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டேன்.

அந்த இரண்டு மாதமும் ஒரு நாள் குறையாமல் அங்கேயே இருந்தேன். ஒரு மாலை வீட்டுக்காரரின் மனைவி தயங்கியபடி மேலே வந்தார். சமயநல்லூரில் வாடகைக்கு இருக்கும் தன் தங்கையையும் திடீரென்று காலி செய்யச் சொல்கிறார்களாம். அந்த மனுவை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார். உட்காரச் சொன்னேன். எழுதி முடிக்க இருட்டிவிட்டது. கீழேயிருந்து அவர் கணவர் இரண்டு முறை கூப்பிட்டார்.

"வாரேன், இருங்க" என்றார் அந்த அம்மா, எழுந்திருக்காமலே.