மூன்று மணிக் கரண்டு

மனநலப் பிரிவில் நர்ஸ் வேலை என்றால், பாதி நேரம் அடுத்தவர் தூக்கத்தை விசாரிப்பதுதான். படுத்தும் தூக்கம் வராத வாசகர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

முதல் கேள்வி

கள்ளக்குறிச்சியில் எங்கள் டாக்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மனச்சோர்வு என்று யார் வந்தாலும், தூங்குகிற நேரத்தையும் விழிக்கிற நேரத்தையும் முதலில் கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். நைனார்பாளையத்திலிருந்து தங்கையைக் கூட்டிவந்த பெண்ணிடமும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"இன்னா நர்சம்மா, நடவு நட்டுட்டு வந்தவளப் போயி தூக்கம் வருதான்னு கேக்கறீங்க? இப்பிடியே செவுத்துல சாஞ்சேன்னா பஸ்ஸ வுட்டுடுவேன்."

என் தப்பு

மணலூர்பேட்டைப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஏழுமலை மூன்று முறை வந்தார். பேச்சும் கம்மி, சாப்பாடும் கம்மி. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்துவிடுவதாகச் சொன்னார். மோட்டார் ஓட்டும் கரண்டை அப்போதெல்லாம் அந்த நேரத்தில்தான் விடுவார்கள். ஊரில் பாதிப்பேர் எழுந்துகொள்வார்கள். 'தண்ணீர் பாய்ச்ச' என்று நானே எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

நான்காம் முறை அவர் மனைவி செல்வியும் வந்தார். கரண்டுக்காரர்களை ஒரு பாட்டம் திட்டி அவருக்கு ஆறுதல் சொன்னேன். செல்வி என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எங்க மோட்டார் எரிஞ்சி மூணு மாசமாவுதுங்க. இவுரு சும்மா போயி வரப்புல குந்திக்கினு இருக்காரு."

நேரான கேள்வி

சீட்டோடு டாக்டரிடம் ஓடினேன். மனச்சோர்வோடு தூக்கமும் கெட்டால் உயிருக்கே ஆபத்து கூடும், அதனால்தான் அந்த முதல் கேள்வி என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். என்னைத் திட்டவில்லை. ஏழுமலையை உட்காரவைத்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டார். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். ஏழுமலையோ, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போலப் பெருமூச்சு விட்டார்.

"அந்த மூணு மணிக்குத்தான் சார் ஜாஸ்தியா தோணுது. வெடிஞ்சிட்டா கொஞ்சம் கம்மியாவுது."

மோட்டார் ஓடியது

அன்றே வார்டில் சேர்த்தோம். வீட்டுக்குப் போன பிறகும் செல்வி அவரைத் தனியாக விடவில்லை. வாரா வாரம் கூட்டிவந்தார். கரும்பு வெட்டு முடிந்து, மோட்டாரும் சரியான பிறகு ஒருநாள் வந்தார்கள். வழக்கம்போலத் தூக்கத்தைக் கேட்டேன். ஏழுமலை சிரித்துக்கொண்டே தரையைப் பார்த்தார். செல்விதான் பதில் சொன்னார்.

"நேத்து மூணு மணிக்குக் கரண்டு வந்து, நான் போயி மோட்டார் போட்டு, ரெண்டு காணி பாய்ச்சிட்டு வந்தேன். மனுசன் பொரளவே இல்லீங்க."

பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச எழாத ஒரு விவசாயிக்காக வார்டு முழுக்கத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்த ஒரே நர்ஸ் நானாகத்தான் இருப்பேன்.