பச்சைத் தேங்காய் கட்டிய நீச்சல் மாஸ்டர்

மழைக்கால நெய்யாற்றை ஒரே மூச்சில் நீந்திக் கடந்தவன் நான். பொய். பாலத்தின்மேல் பஸ்ஸில் கடந்திருக்கிறேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. ஆனால் உதியன்குளங்கரை ஜங்ஷன் டீக்கடையில் பத்து வருஷமாக இதைச் சொல்லி வந்தேன். தென்னை ஏறுவது என் தொழில். அவ்வளவு உயரத்தில் தொங்குகிறவன் தண்ணீருக்குப் பயப்படுவான் என்று யாருக்குத் தோன்றும்? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. பொய்யை மட்டும் நானாகவே படித்தேன்.

அந்தப் பொய்யை முழுசாக நம்பியவன், தனுவச்சபுரத்தில் காலேஜுக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையன். போகிறான் என்பது மரியாதைக்கு. பஸ் ஏறுவான், அவ்வளவுதான். மூன்று பேப்பர் பாக்கி. சமூக சேவை செய்தால் மார்க் கிடைக்கும் என்று, ஊர்க் குளத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு ஆரம்பித்தான். முதல் நாள் எடுத்த போட்டோவைப் பார்த்ததுமே காலேஜில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சேவை முடிந்தது. வேறொருவனாக இருந்தால் வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பான். இவன் இரண்டாம் ஞாயிறும் போனான்.

அன்றைக்கு அம்மாமார் கூட்டமாக வந்தார்கள்.

"எலே, ஒனக்கே மீசை முளைக்கல்ல. ஒன்ன நம்பி எங்க பிள்ளியள கொளத்து வெள்ளத்துல எறக்கவா?"

"வயசுள்ள ஒரு ஆளு கூட நிக்கணும். இல்லேங்கில் வகுப்பு வேண்டாம்."

அவன் நேராக டீக்கடைக்கு வந்தான்.

"அண்ணா, நெய்யாறு நீந்தின ஆளுல்லா நீங்க! நீங்க வரலேங்கில் வகுப்பு நின்னு போவும்."

டீக்கடை மொத்தமும் என்னைப் பார்த்தது.

"நான் வராம பின்ன யாரு வருவா? மாஸ்டராக்கும் நான்!" என்றேன். வாய் அப்படி.

எங்கள் பக்கம் நீச்சல் பழகுகிறவர்கள், தோல் உரிக்காத இரண்டு தேங்காயைச் சேர்த்துக் கட்டி மார்புக்கடியில் வைத்துக்கொள்வார்கள். உள்ளே தண்ணீர் வற்றிய காய்ந்த தேங்காய்தான் ஆளைத் தூக்கும். தேங்காய் என் துறை அல்லவா? அன்று காலையில் வெட்டிய பச்சைக் காய்களில் பெரியதாக, பளபளப்பாகப் பார்த்துக் கொண்டுபோனேன்.

அம்மாமார் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். குளக்கரையில் காத்திருந்த பிள்ளைகளில் எட்டு வயசுக்காரி ஒருத்தி கேட்டாள்: "மாமா, நீரு மொதல்ல காட்டும்."

காட்டினேன். நாலாவது படியில் வழுக்கியது. காய்கள் மேல்தோலை மட்டும் காட்டி மிதந்தன. நான் அதையும் காட்டவில்லை. பையன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான்.

"நெய்யாறு?" என்றான்.

"பஸ்ஸுல" என்றேன்.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் குளத்துக் கொக்கெல்லாம் பறந்துபோயின. அவன் சிரிக்கவில்லை.

"அண்ணா, அம்மாமாரு அடுத்த ஞாயிறு பாக்க வருவாவ. அதுக்குள்ள நீங்க நீந்திப் படிக்கணும்."

பத்து மணிக்கு முன் எழாதவன் அந்த வாரம் முழுக்க ஆறு மணிக்கு என் கதவைத் தட்டினான். எட்டு வயசுக்காரியும் கூடவே வருவாள், கரையிலிருந்து என்னைத் திட்டுவதற்காக.

"மாமா, காலை அடியும்! தென்னையைப் பிடிக்கது மாதிரி அண்ணனக் கெட்டிப் பிடிக்கப்பிடாது!"

குடித்த தண்ணீரில் குளமே ஒரு படி இறங்கியிருக்கும். மூன்றாம் நாள் இருமிக்கொண்டே கேட்டேன்: "மக்கா, காலேஜுல ஒப்பும் போட்டு மார்க்கும் கிட்டியாச்சுல்லா? பின்ன எதுக்கு இந்தப் பாடு?"

அவன் காய்ந்த தேங்காயின் முடிச்சை இறுக்கினான்.

"காலேஜுல நான் போனாலும் போகலேன்னாலும் ஒருத்தனும் கேக்க மாட்டான் அண்ணா. இங்க பத்து நிமிஷம் பிந்தினா பன்னெண்டு பேரு சண்டைக்கு வாறாவ." பிறகு என் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். பாசம் கூடினால் அவன் அப்படித்தான்.

ஞாயிறு வந்தது. அம்மாமார் குடையோடு படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் நெஞ்சளவுத் தண்ணீரில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். பையன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். தரையிலிருந்து ஒரு காலை எடுத்தேன். மற்றக் காலையும் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே...

"மாமா! இன்னும் அந்தப் பழைய கதைய எழுதிட்டா இருக்கீரு?" ஜன்னலில் எட்டு வயசுக்காரி. இப்போது அவளுக்குப் பத்து. "புதுப் பிள்ளிய ஏழு பேரு வந்திருக்கு. நீரு வந்தாத்தான் எறக்கணும்னு அம்மாமாரு சொல்லியாவ. அண்ணன் வெள்ளத்துல நிக்காரு!"

"வாறேன் மக்கா, வாறேன்."

"உம்மொட தேங்காயையும் எடுத்துட்டு வாரும்!"