மாவ்ஷி தட்டாத இருக்கை

என் பர்ஸில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. பிளாஸ்டிக் உறை மூலையில் பிரிந்து, மழைநீர் புகுந்து, என் மகளின் புகைப்படத்தில் ஒரு கன்னம் மட்டும் நீலம் பாரித்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு, இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. அதற்குக் கீழே, குழந்தையை அழைத்துப்போக அனுமதி பெற்றவர் என்ற இடத்தில் என் படம். அந்த முகத்தைப் பார்த்து ஒருவரும் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். பிள்ளை பிடிக்க வந்தவன்போல முறைத்துக்கொண்டிருப்பேன். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. சைக்கிளில் போய் வருகிறாள். இருந்தும் ஒவ்வொரு முறை பர்ஸ் மாற்றும்போதும் முதலில் இடம் மாறுவது இந்த அட்டைதான்.

கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து மகர்பட்டாவில் பதினோராவது மாடியில் குடியேறியபோது, எனக்குத் தெரிந்த மராத்தி மொத்தம் இரண்டு சொற்கள். ஒன்று காகா, அதாவது சித்தப்பா. பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். இன்னொன்று மாவ்ஷி, அதாவது சித்தி. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அம்மாள். மாவ்ஷியிடம் அந்த ஒரு சொல்லையும் எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியையும் வைத்து ஒரு வாரம் மல்லாடினேன். எட்டாம் நாள் அவர், "சார், நீங்க தமிழ்லயே பேசுங்க. உங்க இந்திய கேட்டா எனக்கு தலை வலிக்குது" என்றார். இதே புனேயில், போபோடியில் பிறந்தவராம். அப்பா தொழிற்சாலை வேலைக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கல்யாணமாகி எங்களுக்குப் பக்கத்து ஹடப்சருக்கு வந்து, கணவர் போன பிறகு இந்த வேலை. இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலியே" என்றார். கேட்காததைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

எங்கள் குடியிருப்பின் கேட்தான் கடைசி நிறுத்தம். பேருந்து நின்றதும் மாவ்ஷி என் மகளை உடனே இறக்கிவிட மாட்டார். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு, குனிந்து கீழே ஒரு பார்வை. ஏக், தோன், தீன் என்று எண்ணிக்கொண்டே பின்னால் போவார். மகள் கடைசி வரிசையில், சில நாள் இருக்கைக்கு அடியிலேயே, தூங்குவதுபோலப் பாசாங்கு செய்துகொண்டு கிடப்பாள். அவள் இருக்கையில் தட்டு விழும்போதுதான் எழுந்திருப்பாள். அது அவர்கள் இருவருக்குமான தினசரி விளையாட்டு. வெளியே வெயிலில் நிற்கும் எனக்கு அது இரண்டு நிமிடத் தண்டனை. இறங்கப்போவது ஒரே பிள்ளை, எதற்கு அத்தனை இருக்கையையும் எண்ண வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். "புள்ளைங்கள எண்ணுனா தப்பு வரும் சார், ஓடிக்கினே இருக்கும். சீட்டு ஓடாது" என்றார். பிறகு கையை நீட்டுவார். "கார்டு?" இரண்டு வருடம், ஒரு நாள் தவறாமல். அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பின்புதான் பிள்ளையின் கை என் கைக்கு வரும். வீட்டில் நான் அவரைப்போலவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சோபாவைத் தட்டி நடித்துக் காட்டுவேன். மனைவி சிரிப்பாள். மகள் மட்டும், "அப்பா, நீ கீழ குனிஞ்சு பாக்கல, ராங்" என்பாள்.

ஒரு ஜூலை மழையில் அட்டை இல்லாமல் போய் நின்றேன். அது மனைவியின் கைப்பையோடு அவள் அலுவலகத்துக்குப் போய்விட்டது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மேலே கேமராவுக்காக இஸ்திரி போட்ட சட்டை, கீழே பூப்போட்ட அரை டிராயர். "மாவ்ஷி, தினமும் பாக்கற மூஞ்சிதானுங்க" என்றேன். "மூஞ்சி தெரியும் சார். மூஞ்சி பாத்து குடுக்கறதுன்னா கார்டு எதுக்கு?" கதவு மூடியது. அட்டை இல்லையென்றால் பிள்ளை பள்ளிக்கே திரும்ப வேண்டும் என்பது விதி. அந்த விதியால் அவருக்கும் காகாவுக்கும் வீடு போக ஒரு மணி நேரம் தாமதம் என்பது அன்று என் மண்டையில் ஏறவில்லை. மகள் பின்கண்ணாடியில் கையாட்டியபடி போனாள். நான் ஸ்கூட்டரில் தொப்பலாக நனைந்து பின்தொடர்ந்தேன். பள்ளி வாசலில் காவலாளி என் ஆதாரை விட்டுவிட்டு அரை டிராயரையே வெகுநேரம் சரிபார்த்தார்.

அன்று மாலை பெற்றோர் வாட்ஸாப் குழுவில், ஆங்கிலமும் இந்தியும் கலந்து ஒரு பதிவு போட்டேன். எங்கள் கேட்டில் குடியேற்ற அதிகாரி ஒருவர் அமர்ந்திருப்பதாகவும், முத்திரை இல்லாததால் என் மகள் நாடு கடத்தப்பட்டதாகவும், பூப்போட்ட டிராயரில் அகதியாக நான் எல்லையைக் கடந்ததாகவும் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது, அதுதான் சங்கடம். சிரிப்புப் படங்கள் கொட்டின. வாழ்க்கையில் எனக்கு அத்தனை கைதட்டல் கிடைத்ததில்லை. இரண்டு மூன்று பேர் தங்கள் குறைகளையும் கீழே சேர்த்தார்கள். யாரோ அதை அப்படியே பேருந்து ஒப்பந்தக்காரருக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் மாவ்ஷி வரவில்லை. பெற்றோரிடம் மரியாதைக் குறைவாம். புதிதாக வந்த பெண் அட்டை கேட்கவில்லை, இருக்கையைத் தட்டவில்லை. ஒரு தகப்பனார் லிஃப்டில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் பேருந்து வந்து நின்றது. அந்தப் பெண் படியில் நின்றபடியே உள்ளே ஒரு பார்வை பார்த்து, உங்கள் பிள்ளை இன்று வரவில்லை என்றாள். பேருந்து கிளம்பிவிட்டது. வகுப்பு ஆசிரியைக்குப் போன் செய்தேன். நானே ஏற்றிவிட்டேனே என்றார். காகா போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். ஒப்பந்தக்காரரிடம் இடம் கேட்டு, கால்வாய்க்குப் பின்னால் பேருந்துகள் நிறுத்தும் திடலுக்குப் போனேன். மஞ்சள் பேருந்துகள் வரிசையாக, எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொன்றின் கதவையும் அடித்துக் கத்தினேன். டீக்கடையிலிருந்து காகா சாவியோடு ஓடி வந்தார். நேரே தன் பேருந்துக்குப் போனார். அவசரத்தில் சாவி பூட்டில் இரண்டு முறை வழுக்கியது.

உள்ளே கண்ணாடிகள் எல்லாம் அடைத்திருந்தன. வேகவைத்த ரப்பர் வாசனை. ஓட முயன்றதில் கால் தடுக்கியது. விழாமலிருக்க ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் கையை அடித்து ஊன்றிக்கொண்டு பின்னால் போனேன். தட், தட் என்று அந்தச் சத்தம். பாதி தூரம் போயிருப்பேன். கடைசி இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாவ்ஷி?"

குனிந்து பார்த்தேன். முகமெல்லாம் வியர்வை, சடை கழுத்தில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம். ஏன் கூப்பிடவில்லை, ஏன் கதவைத் தட்டவில்லை என்று கேட்டேன். "நான் தூங்கிட்டேன்பா. அப்றம் முழிச்சேன். மாவ்ஷி எண்ணிட்டு வருவாங்கல்ல, அதான் வெயிட் பண்ணேன்." மாவ்ஷி வேலையை விட்டுப் போய்விட்டார் என்று வீட்டில் சொல்லியிருந்தோம். யார் சொல்லி என்ன? தினமும் தட்டி எழுப்பிய கை வராமல் இருக்காது என்று அவள் நம்பியிருந்தாள்.

அந்த ஞாயிறு காகாவிடம் கேட்டு மாவ்ஷியைத் தேடிப் போனேன். ஹடப்சரில் சப்பாத்தி போட்டுக் கட்டிக்கொடுக்கும் ஒரு கடையில் மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தேய்த்த கை நின்றது. "எந்த சீட்டு?" கடைசி என்றேன். "மேலயா, கீழயா?" கீழே என்றேன். "அதுக்குத்தான் குனியறது" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "நீங்க எழுதினத காகா படிச்சுக் காட்டுனாரு சார். அந்த டிராயர் விஷயம் வந்தப்ப நானும் சிரிச்சேன். நல்லா எழுதறீங்க." குத்தலாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஒப்பந்தக்காரரிடம் பேசுகிறேன், திரும்ப வந்துவிடுங்கள் என்றேன். "வேணாம் சார். நாளைக்கு ஒரு அப்பா கார்டு மறந்துட்டு வருவாரு. கேக்கறதா வேணாமான்னு நான் யோசிச்சேன்னு வைங்க, அப்பறம் நான் எதுக்கு?" அடுத்த உருண்டையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். பதிவை அன்றே அழித்தேன், என் போனில் மட்டும்தான் அழிந்தது. அதைப் படித்தவர்கள் இன்றும் என்னைப் பார்த்தால் எல்லை தாண்டிய அகதி என்று சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், வேறென்ன செய்ய?

இப்போதும் மதியம் மூன்று மணிக்கு எங்கள் கேட்டில் மஞ்சள் பேருந்து நிற்கிறது. பால் வாங்கும் சாக்கில் கீழே இறங்கிவிடுவேன். வீட்டில் பால் எப்போதும் அதிகம்தான். போன வாரம் பிள்ளைகள் எல்லாம் இறங்கியதும் படியருகே போய், பின்னால் பார்த்துவிட்டீர்களா என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நீங்கள் எந்தப் பிள்ளையின் அப்பா என்றாள். நியாயமான கேள்வி. பர்ஸிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினேன். நீலக் கன்னத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தப் பிள்ளை இந்தப் பேருந்தில் இல்லையே என்றாள். தெரியும், ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றேன். கிழட்டுக் கிறுக்கு என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் வெளியே நின்று கேட்டேன். காலடிச் சத்தம் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. தட்டும் சத்தம் இல்லை.

"கோயி நஹி, அங்கிள்" என்றாள். யாரும் இல்லையாம்.

"கீழே குனிந்து பார்த்தீர்களா?" என்று கேட்பதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.